போனட்டில் விழுந்த மீன்கண்கள்

ஜனவரி 2, வியாழன்

டாக்டர் ஞானமூர்த்தியின் பழைய ஃபியட் இன்று கரும்பச்சைக்கு வந்துவிட்டது. அவருடைய மாமனார் வாங்கிய வண்டி. துருப்பிடித்த தகரத்தை வெட்டி மாற்றி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி தேய்த்து மூன்று மாதம் போயிற்று. இனிக் கிளியர் மட்டும்தான் பாக்கி. நிறத்தின்மேல் கண்ணாடி போலப் படியும் கடைசிப் பூச்சு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி நடக்கும் பழைய கார்கள் கண்காட்சியில் வண்டி நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கணபதி பகுதியில் உள்ள இந்தப் பட்டறையில் பெயின்ட் பிரிவுக்கு நான் பொறுப்பேற்று நான்கு மாதம் ஆகிறது. எனக்கு முன் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை. மாரிசெல்வம்தான் ஆறு வருடமாக அடித்துக்கொண்டிருந்தார். நான் வேதியியல் படித்தவள், ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் மூன்று வருடம் இருந்தவள் என்பதற்காக முதலாளி குழந்தைவேலு சார் என்னை மேலே வைத்தார். மாரிசெல்வம் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

ஸ்பிரே அடிக்கும் அறையை இங்கே பூத் என்பார்கள். அதன் இரும்புக் கதவைத் திறந்தால் பட்டறை முழுக்கக் கேட்கும்படி கிரீச்சிடும். நான் திறக்கிறேன், உள்ளே பேச்சு நிற்கிறது. இன்றும் நின்றது. மாரிசெல்வம் மட்டும் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்போடு, "வாங்க ஆடிட்டர் மேடம்" என்றார். நான் எப்போதும் நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

மாலையில் கிளம்புவதற்கு முன், கிளியர் இறுகுவதற்காக அதில் கலக்கும் ஹார்டனர் டப்பாவின் மூடியும் டப்பாவும் சேரும் இடத்தில் பென்சிலால் சிறியதாக ஒரு கோடு போட்டு வைத்தேன். யாராவது திறந்தால் கோடு விலகும். காரணம் ஒன்றும் இல்லை. பழக்கம்.

ஜனவரி 3, வெள்ளி

பென்சில் கோடு விலகவில்லை.

போனட்டுக்கு முதல் கிளியர் நானே அடித்தேன். மாரிசெல்வம் காற்று வரும் ஹோஸைப் பிடித்துக்கொண்டார். ஈரமாகப் பளபளத்துப் படிந்தது. இரண்டு நிமிடம் கழித்து, என் கண்முன்னே, ஒரு புள்ளி பின்வாங்கி வட்டமாகத் திறந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஏழு. நடுவில் பச்சை தெரிய, சுற்றிலும் கிளியர் உதடு போலத் தடித்து நின்றது. மீன்கண் என்று இதற்குப் பெயர். எண்ணெய்ப் பசையோ சிலிக்கானோ ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்கே இருந்தாலும் போதும், கிளியர் அந்த இடத்தைத் தொட மறுத்து விலகிக்கொள்ளும். அதனால்தான் நான் வந்த முதல் வாரமே டேஷ்போர்டு பாலிஷ், சிலிக்கான் கலந்த எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

"மீனு முழிச்சிருச்சு மேடம்" என்றார் மாரிசெல்வம். "ஓட்டை பக்கமாத்தான் வந்திருக்கு பாத்தியளா. குரோம் பட்டி மாட்டுத ஓட்டைக்குள்ள அம்பது வருசத்துப் பாலிஷ் போய் உக்காந்திருக்கும். தின்னரை விட்டுக் கழுவணும்."

ஏழும் பட்டி மாட்டும் துளைகளைச் சுற்றித்தான் இருந்தன. ஆனால் நான் குனிந்து பார்ப்பதற்குள் அவருக்கு எப்படித் தெரிந்தது? கேள்வி முடிவதற்குள் விடை எழுதி வைத்திருக்கும் மாணவனைப் பார்த்தால் ஆசிரியருக்கு என்ன தோன்றும்?

துளைகளைக் கழுவச் சொன்னேன். கழுவினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஜனவரி 4, சனி

போனட்டைத் தேய்த்தோம். வாட்டர் பேப்பர் போட்டு மட்டமாக.

மதியம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கிளியர், ஹார்டனர், தூசியைத் துடைத்தெடுக்கும் பசைத்துணி எல்லாவற்றையும் வைக்கும் அலமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று. அப்படியே கதவுக்கு அடிக்கும் ஸ்பிரே ஒரு டப்பா. பூத்தின் கதவு நான் வருவதை ஐம்பது அடி முன்னாலேயே அறிவித்துவிடுகிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு மூன்று கீலுக்கும் அடித்தேன். புதுப் பூட்டு கடினமாக இருந்தது. அதற்கும் அடித்தேன். இப்போது கதவு மூச்சுவிடாமல் திறக்கிறது.

விடுதியில் ராத்திரிச் சாப்பாடு கோதுமை உப்புமா.

ஜனவரி 6, திங்கள்

துளைகள் கழுவியாயிற்று. பெட்ரோல் துடைப்பு, பசைத்துணித் துடைப்பு எல்லாம் முறைப்படி. அலமாரியை நானே திறந்தேன், நானே கலந்தேன். அடித்தேன்.

முப்பத்து நான்கு மீன்கண்கள். துளைகளின் பக்கம் ஒன்றும் இல்லை. நடுப் போனட்டில் வாரி இறைத்ததுபோல.

குழந்தைவேலு சார் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ஏன் அம்மிணி, பச்சைக்கு அம்மை போட்ட மாதிரி கெடக்குது?" என்றார். நான் கம்ப்ரஸரைச் சொன்னேன். காற்றில் எண்ணெய் வந்தால் இப்படி ஆகும்.

மாரிசெல்வம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவ்வளவு பேசியவர்.

ஜனவரி 7, செவ்வாய்

கம்ப்ரஸர் காற்றை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிமேல் பத்து நிமிடம் விட்டேன். வெள்ளைத் துணியில் ஐந்து நிமிடம். எண்ணெயும் இல்லை, நீரும் இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க மாரிசெல்வம் வந்தார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஸ்பேனர் கைக்குப் பெருசு மேடம்."

"பரவாயில்லை."

"சரி. நழுவுனா கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கேன்."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. ஃபில்டர் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி வந்ததை எழுதிவைக்க வேண்டும். இயந்திரம் இல்லையென்றால் ஆள்.

ஜனவரி 9, வியாழன்

வண்டியில் பெயின்ட் படக்கூடாத இடங்களைப் பழைய செய்தித்தாள் ஒட்டி மறைப்போம். அதைக் கிழிக்கும்போது வாசிக்காமல் இருக்க என்னால் முடியாது. இன்று கதவுக் கண்ணாடியில் இருந்தது ஒரு திருட்டுச் செய்தியின் பாதி. வீட்டில் வேலை பார்த்த ஒருவரை விசாரித்து வருவதாக வரி முடிந்திருந்தது. மீதி இன்னொரு கண்ணாடியில் இருந்திருக்கும்.

மாரிசெல்வத்தின் பைக் பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். பக்கப் பெட்டியின் மூடி சரியாகச் சாத்தாமல் இருந்தது. சாத்தலாம் என்று போனேன். உள்ளே ஒரு ரெயின்கோட், ஒரு பழந்துணி, ஒரு பாட்டில் டேஷ்போர்டு பாலிஷ்.

கேட்டால் பைக் டேங்க் பளபளப்பதற்கு என்று சொல்வார். பளபளக்கத்தான் செய்கிறது. பாட்டில் பட்டறைக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அதனால் நான் எழுதி ஒட்டிய விதியை அவர் மீறவில்லை என்றும் சொல்லலாம். பாட்டிலில் பாதி குறைந்திருந்தது.

ஆய்வகத்தில் இருந்தபோது நான் யாருடைய பெட்டியையும் பார்த்ததில்லை. என் கையெழுத்துக்கு மேலே இருந்த சோதனை எண்களை யாரோ மாற்றினார்கள், பழி என்மேல் விழுந்து நான் வெளியே வந்தேன். யார் என்று இன்றுவரை தெரியாது. ஆகையால்.

ஜனவரி 11, சனி

பூத் கதவுக்கு மறுபடி ஸ்பிரே அடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து சத்தமில்லாமல் திறந்தேன். மாரிசெல்வம் போனட்டின் மேல் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும் துள்ளிவிட்டார்.

"பூனை மாதிரி வாறிய மேடம். ஒரு கொலுசாவது போட்டுட்டு வாங்க."

"என்ன செய்றீங்க?"

"எண்ணிப் பாக்கேன். கதவு பக்கம் சாஸ்தி, அந்தப் பக்கம் கம்மி. என்ன கணக்குன்னு தெரியல."

கையுறை இல்லாத விரல். எழுதிக்கொண்டேன். அவர் நான் எழுதுவதைப் பார்த்தார். முதல் முறையாக ஆடிட்டர் என்று கேலி செய்யவில்லை.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறை. மாரிசெல்வம் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார். அலமாரிச் சாவி என்னிடம்.

ஜனவரி 15, புதன்

ஊருக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "மாட்டுப் பொங்கலுக்கு எவன்டீ காருக்குப் பெயின்ட் அடிக்கிறான்?" என்று கேட்டு வைத்துவிட்டாள். விடுதியில் நானும் சமையல்காரம்மாவும் மட்டும்.

படித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் மீன்கண்ணைப் பற்றிய யோசனை. கிளியர் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் திரவம். தனக்கு ஒவ்வாத ஒன்று அடியில் இருப்பதை அது கண்ணால் பார்ப்பதில்லை, அந்த இடத்திலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒதுங்கிய இடம்தான் குழி. குழியைப் பார்த்து நாம் அங்கே ஏதோ இருக்கிறது என்கிறோம். கழுவிப் பார்த்தால் எதுவும் தெரியாது.

என்னைப் பற்றி விடுதியில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். யாரோடும் ஒட்டாதவள்.

ஜனவரி 18, சனி

மாரிசெல்வம் வந்துவிட்டார். எல்லோருக்கும் ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்தார். எனக்குத் தனியாக ஒரு பெட்டி. "எழுதும்போது கொறிங்க மேடம்" என்றார். ஏன் எனக்கு மட்டும் தனியாக? விடுதி அலமாரியில் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை.

இன்று காரின் இடது கதவுப் பலகையை அடிக்கும் முறை. ஐந்து நாள் மூடிக் கிடந்ததில் பூத் கதவின் கீல் மறுபடி முனகத் தொடங்கியிருந்தது. காலையில் நன்றாக ஸ்பிரே அடித்தேன். பூட்டுக்கும். கையுறை போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்து, பசைத்துணியை எடுத்து மாரிசெல்வத்திடம் கொடுத்தேன். அவர் பலகையைத் துடைத்தார். நான் அடித்தேன்.

எண்ண முடியவில்லை. நூறுக்கு மேல். அவர் துடைத்த வீச்சிலேயே, கை போன வளைவிலேயே, கோடு கோடாக.

அவர் கை போன வளைவில். இதைவிட என்ன வேண்டும்? நேராக அலுவலக அறைக்குப் போய்க் குழந்தைவேலு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைக் பெட்டியில் உள்ள பாலிஷ் பாட்டில், கையுறை இல்லாத விரல், இன்றைய வளைவு. தேதி வாரியாக நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஜனவரி 20, திங்கள்

குழந்தைவேலு சார் மாரிசெல்வத்தை அறைக்குள் கூப்பிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"ஏப்பா, உன்ற வண்டிப் பெட்டியில பாலிஷ் வெச்சிருக்கியா?"

"இருக்கு மொதலாளி. வண்டிக்கு."

"அதத் தொட்ட கையில இங்கயும் தொடறயா?"

மாரிசெல்வம் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பெட்டியத் திறந்து பாத்தியளா மேடம்?"

மூடி திறந்திருந்தது என்றேன்.

"அது ஸ்பிரிங் மூடி. தானா திறக்காது." என் கையைப் பார்த்தார். "அன்னைக்குத் துணிய நீங்கதான் எடுத்துத் தந்திய."

"பார்த்தீங்களா சார், பழியை என் மேல போடறாரு" என்றேன். அந்த வாக்கியம் எனக்குள் எப்போதோ தயாராக இருந்ததுபோல வந்தது.

"டாக்டர் வண்டி போற வரைக்கும் நீ வர வேண்டாம். அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. மாரிசெல்வம் பூத்துக்குள் போய்த் தன் ஸ்பிரே துப்பாக்கியைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அவசரப்படவில்லை. போகும்போது, தகரம் தட்டும் டிங்கரிங் ஆட்கள் யாரும் அவரிடம் பேசவில்லை. அதன்பிறகு என்னிடமும் பேசவில்லை.

ஜனவரி 22, புதன்

தனியாக அடித்தேன். துடைத்தது நான், கலந்தது நான். நாற்பத்தொன்று.

மக்ரூன் பெட்டியில் எறும்பு. தூக்கிப் போட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

போவதற்கு முன்பே கிளியரில் எதையாவது கலந்திருப்பார். அதுதான். கம்பெனி முத்திரை உடையாத புது டப்பா வாங்கி, ஒரு சிறு தகரத் தட்டில் அடித்துப் பார்த்தேன்.

புது டப்பாவிலும் மீன்கண்.

துப்பாக்கியில் கலந்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் துப்பாக்கியை அவர் எடுத்துப் போய்விட்டார். இது என் துப்பாக்கி.

ஜனவரி 25, சனி

கதவு பக்கம் அதிகம், அந்தப் பக்கம் குறைவு. நோட்டைப் புரட்டியபோது பதினோராம் தேதியில் மாரிசெல்வம் சொன்னது கண்ணில் பட்டது. அன்று நான் எழுதிக்கொண்டது அவர் விரலைப் பற்றி.

ஆறு தகரத் தட்டுகளை ஒரே மாதிரி கழுவி, கதவிலிருந்து உள்சுவர் வரை வரிசையாக வைத்து, பத்து முறை கதவைத் திறந்து மூடிவிட்டு, காற்றாடியைப் போட்டு அடித்தேன். காற்றாடி கதவிடுக்கு வழியாகத்தான் காற்றை இழுக்கும். கதவருகில் இருந்த தட்டில் இருபத்தாறு. அடுத்ததில் பதினைந்து. பிறகு ஒன்பது, நான்கு, ஒன்று. உள்சுவர்த் தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

கீலைக் காகிதத்தால் துடைத்தேன். அந்தக் காகிதத்தைப் புதுத் தட்டில் ஒரு முறை இழுத்தேன். இழுத்த கோட்டில் மட்டும் வரிசையாகக் கண்கள் திறந்தன. பூட்டைத் தொட்ட கையுறையை இன்னொரு தட்டில் வைத்தேன். ஐந்து விரலும் பதிந்தன.

ஸ்பிரே டப்பா என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பார்த்தேன். பொடி எழுத்தில் மூன்றாவது வரி. சிலிக்கான்.

மல்லிப்பூ கட்டி வந்த காகிதத்தைக்கூட வாசிப்பவள் நான்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று எல்லோருக்கும் முன்னால் போய் மூன்று கீலையும் கழற்றித் தின்னரில் ஊற வைத்தேன். அலமாரிப் பூட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று மாட்டினேன். தரை, கதவு, சுவர் எல்லாவற்றையும் கழுவினேன். சுத்தம் செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இன்று போனட்டையும் கதவுப் பலகைகளையும் அடித்தேன்.

ஒன்றுகூட இல்லை. பச்சைக்குள் மேற்கூரைக் குழல்விளக்கு இரண்டு நேர்கோடாக நின்றது.

குழந்தைவேலு சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "அவன் போனதும் வண்டி தெளிஞ்சுருச்சு பாரு அம்மிணி. உன்ற கண்ணு சரியாத்தான் பாத்திருக்குது." டாக்டருக்குப் போன் போட்டு அதையே சொன்னார். பெயின்டர் ஒருத்தன் கோளாறு பண்ணிட்டான், கண்டுபிடிச்சாச்சுங்க.

நான் பக்கத்தில் நின்றேன். மறுக்கவில்லை. மெருகு போடுவதற்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று கேட்டார், சொன்னேன்.

ஜனவரி 30, வியாழன்

மாரிசெல்வம் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். அவர்கள் குழந்தைவேலு சாரிடம் விசாரித்திருக்கிறார்கள். டிங்கரிங் ஆட்கள் சாப்பிடும்போது பேசிக்கொண்டது கேட்டது.

"பெயின்டுல கலக்கறவன்னு பேரு வந்துட்டா, எவன் துப்பாக்கியக் கையில குடுப்பான்?"

"இனி அவன் கோழிப் பண்ணைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதுதான்."

சிரித்தார்கள். நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். இதைத்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் நான் சதி என்று நினைத்தேன். பொறுப்பாளர் வந்தால் பேச்சை நிறுத்துவது எல்லாப் பட்டறையிலும் நடப்பது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

குழந்தைவேலு சாரிடம் சொன்னேன். டப்பாவை மேஜைமேல் வைத்தேன். ஆறு தட்டுகளையும் வரிசையாக அடுக்கினேன்.

வெகுநேரம் தட்டுகளையே பார்த்தார். "முதல்ல வந்த ஏழு?"

"அது மாரிசெல்வம் சொன்னதுதான் சார். துளைக்குள் இருந்த பழைய பாலிஷ். கழுவினதும் போயிடுச்சு. அதுக்கப்பறம் வந்ததெல்லாம் என்னுது."

"அட, வண்டி நல்லா வந்துருச்சில்ல. அவனும் போயிட்டான். இப்ப எதுக்குக் கெளறோணும்?"

"அவருக்கு எங்கேயும் வேலை கிடைக்கலை சார்."

"நான் டாக்டர்கிட்ட ஒருவாட்டி சொன்னத மாத்திச் சொன்னா, நாளைக்கு எவன் என்ற பட்டறைல வண்டிய உடுவான்? நீ படிச்ச புள்ள. யோசி." டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஆறின புண்ணு. உட்டுரு."

யோசிக்கச் சொன்னார், யோசித்தேன். அவர் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைத்தான் அதிகம் யோசித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பதினோரு மணிக்கு இந்தப் பகுதியின் பெயின்டர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். யாருக்கு வேலை இருக்கிறது, யார் எங்கே மாறுகிறார்கள், எல்லாம் அங்கே முடிவாகும். நான் ஒரு நாளும் போனதில்லை. என் டீ என் பிளாஸ்கில் வரும்.

போனேன். பதினைந்து பேர் இருக்கும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. டீ மாஸ்டர், "சக்கரை போடட்டுங்களா?" என்றார். போடுங்கள் என்றுவிட்டு, திரும்பி, எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்.

"நான் குழந்தைவேலு சார் பட்டறையில இருக்கிற அரசி. மாரிசெல்வம் பெயின்டுல எதையும் கலக்கலை. பூத் கதவுக்கு நான் ஒரு ஸ்பிரே அடிச்சேன். அதுல சிலிக்கான் இருந்தது. நான் பார்க்கலை. மீன்கண் வந்தது அதனால. அவர் மேல சொன்னது தப்பு."

பாலை ஆற்றும் சத்தம் மட்டும். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "எந்த ஸ்பிரேங்க?" என்றார்.

டப்பாவை எடுத்துக் காட்டினேன். கைக்குக் கை மாறியது.

"அட, இதத்தானப்பா நம்ம பூத் கதவுக்கு நேத்து அடிச்சோம்."

"எப்ப?"

"சாயங்காலம்."

அந்த ஆள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார். மற்றவர்கள் சிரித்தார்கள். கீலுக்குக் கிரீஸ் போடுவதா, எதுவும் போடாமல் விடுவதா என்று வாக்குவாதம் தொடங்கியது. ஒருவர் என்னிடம், கதவருகில் எத்தனை குழி விழுந்தது என்று கேட்டார். சொன்னேன். வயதான ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரமா அந்தப் பையன் இந்தப் பக்கமே வரலீங்க" என்றார்.

டீ இனிப்பு அதிகம். முழுவதும் குடித்தேன்.

குழந்தைவேலு சாருக்கு மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் மாரிசெல்வம் போன் செய்தார்.

"டீக்கடைல பேசுனியளாம்."

"ஆமாம்."

"நாலு பேரு போன் போட்டுட்டாங்க. சிங்காநல்லூர்லயும் கூப்பிட்டுட்டாங்க, வியாழக்கிழமலருந்து வரச் சொல்லுதாங்க."

நல்லது என்றேன். அவர் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம்.

"ஊருக்கெல்லாம் சொன்னிய மேடம். எங்கிட்டதான் சொல்லல."

"இப்போ சொல்றேன்."

"போன்லயா?" என்றார். வைத்துவிட்டார்.

பதினைந்து பேர் முன்னால் பேசியதைப் பெரிய விஷயமாக நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு முன்பு தெரியாது.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டரின் வண்டி மெருகு முடிந்து காலையில் போயிற்று. மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

பட்டறைக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மாரிசெல்வம் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நானும் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அங்கே போனதும் அவற்றில் இரண்டுதான் மிஞ்சின.

"கதவுக்கு அடிச்சது நான். உங்க மேல சந்தேகப்பட்டு, உங்களுக்குத் தெரியாம உள்ள வர்றதுக்காக அடிச்சேன்."

பைக் பெட்டியையும் நான்தான் திறந்தேன் என்றேன். மூடி சாத்தித்தான் இருந்தது.

அவர் துப்பாக்கியின் முனையைத் தின்னரிலிருந்து எடுத்து உதறினார். "ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லுவியளா?"

"சொல்றேன்."

"நான்தான் செய்யுதேன்னு எப்பருந்து நெனச்சிய?"

பதினெட்டாம் தேதி என்று சொல்லியிருக்கலாம். அவர் கை வளைவில் குழிகள் வந்த நாள். ஒன்பதாம் தேதி என்றும் சொல்லியிருக்கலாம், பாலிஷ் பாட்டிலைப் பார்த்த நாள். இரண்டும் கேட்பதற்கு நியாயமாக இருந்திருக்கும். நேற்று இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் நாளிலேயே அந்தப் பென்சில் கோடு இருந்தது.

"ரெண்டாம் தேதியிலிருந்து."

அவர் விரல்விட்டு எண்ணினார். "மொத மீன்கண்ணு மூணாந்தேதில்லா விழுந்துச்சு?"

"ஆமாம்."

துப்பாக்கி முனையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அந்தச் சின்னத் துளை வழியாக வெகுநேரம் பார்த்தார். அடைப்பு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சரி மேடம்" என்றார். "வேலை கெடக்கு."

முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.